தளபதி லாங்ஸ்ட்ரீட்டுக்கு ஏன் இத்தனை காலம் சிலை இல்லை?



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள்) போன மாதம் குடும்பத்தோடு கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருந்தான். ஒரு படத்தில் மரங்களுக்கு நடுவே தாடிவைத்த மனிதர் ஒருவர் குதிரைமேல் இருக்கிறார். கீழே எழுதியிருந்தான்: "டீச்சர், மத்த பெரிய தளபதிகளுக்கெல்லாம் உயரமான பீடம் இருக்கு. இவர் குதிரை மட்டும் தரையிலேயே நிக்குது. யார் டீச்சர் இவர்?"

வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமான பதிவுதான். காபியை எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள்.

அவர் பெயர் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பின் தளபதி. ராபர்ட் லீ என்ற பெரிய தளபதிக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்.

வகுப்பில் நாம் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெற்கு மாநிலங்கள் 11 பிரிந்துபோய்த் தனிக் கூட்டமைப்பு அமைத்தன. 1861 முதல் 1865 வரை போர். ஏறக்குறைய 6 லட்சம் போர்வீரர்கள் இறந்தார்கள். வடக்கு வென்றது. 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். லிங்கன் சுடப்பட்டார். அதோடு பாடம் முடிந்துவிடும், மணியும் அடித்துவிடும். ஆனால் அந்த மணிக்குப் பிறகு நடந்த கதையில்தான் லாங்ஸ்ட்ரீட்டின் உண்மையான வாழ்க்கை இருக்கிறது. அவர் மேல் விழுந்த பழியும் அங்கேதான் உருவானது.

முதலில் மனிதரைப் பற்றிக் கொஞ்சம். 1821இல் தென் கரோலினாவில் பிறந்தார், ஜார்ஜியாவில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் அப்பா காலராவில் இறந்துபோக, பெரிய படிப்பாளியான தகப்பன்வழி உறவினர் ஒருவர் பார்த்துக்கொண்டார். இந்த உறவினர் (அப்பாவின் சகோதரர்) பின்னால் ஒருமுறை வருவார், நினைவில் வையுங்கள். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1842இல் தேறியபோது 56 பேரில் 54ஆவது இடம்! கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் செல்வங்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். அங்கே ஒரு வருடம் இளையவராகப் படித்தவர்தான் யுலிசஸ் கிராண்ட். இருவரும் நெருங்கிய நண்பர்கள். கிராண்ட் மணந்துகொண்ட ஜூலியா, லாங்ஸ்ட்ரீட்டுக்குத் தாய்வழியில் தூரத்துச் சொந்தம். 1848இல் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு லாங்ஸ்ட்ரீட் போயிருந்தார். பதினேழு வருடம் கழித்து அந்த மாப்பிள்ளையிடம்தான் அவருடைய படை சரணடையப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மெக்சிகோவுடன் நடந்த போரில் 1847இல் சபுல்டெபெக் கோட்டை மீது ஏறும்போது காலில் குண்டு பட்டது. கையிலிருந்த கொடியைப் பக்கத்தில் வந்த ஜார்ஜ் பிக்கெட்டிடம் கொடுத்துவிட்டு விழுந்தார். இந்தப் பிக்கெட்டும் திரும்ப வருவார்.

1861இல் போர் வந்ததும் தெற்கோடு போனார். இதில் அவரை நான் நல்லவராக்கிக் காட்டப் போவதில்லை. அடிமை முறை அவர் பிறந்து வளர்ந்த வீட்டுக் காற்று. அதைக் காக்கும் அரசுக்காகத்தான் நான்கு வருடம் வாளெடுத்தார். 1863இல் தெற்குப் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பியது. பிடிபட்டவர்களைக் கூடவே கொண்டுவரும்படி லாங்ஸ்ட்ரீட்டின் தலைமையகத்திலிருந்து போன உத்தரவு ஒன்று ஆவணங்களில் இருக்கிறது. இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

1862 ஜனவரி கடைசியில் ரிச்மண்ட் நகரில் செம்புள்ளிக் காய்ச்சல் பரவியது. ஒரு வாரத்துக்குள் லாங்ஸ்ட்ரீட் தம்பதியின் நான்கு குழந்தைகளில் மூன்று போய்விட்டன. ஒரு வயது, நான்கு வயது, ஆறு வயது. தாயும் தகப்பனும் எழுந்து நடமாட முடியாத நிலையில் அடக்க ஏற்பாடுகளைப் பிக்கெட்தான் முன்னின்று பார்த்தார். அதுவரை சீட்டாட்டமும் சிரிப்புமாக இருந்தவர் அதன்பிறகு அதிகம் பேசாதவராகிவிட்டார் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

போர்த்திறமை என்று பார்த்தால், காத்திருந்து அடிப்பவர். ஆட்களை வீணாகச் சாகக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் ஒரு மேட்டின் கீழே இருந்த கற்சுவருக்குப் பின்னால் தன் ஆட்களை நிறுத்தினார். வடக்குப் படை அலை அலையாக ஏறி வந்தது. ஒருவராலும் சுவரைத் தொட முடியவில்லை. அந்தச் சண்டையில் வடக்குத் தரப்பில் மொத்தம் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமடைந்தோ போனார்கள், அதில் பெரும்பங்கு இந்தச் சுவருக்கு முன்னால்தான். திறந்தவெளியில் நடந்துபோய், பாதுகாப்பாக நிற்பவனைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதை லாங்ஸ்ட்ரீட் அன்று கண்ணால் பார்த்தார்.

அதே வருடம் ஆன்டீட்டம் சண்டை முடிந்த இரவில் லீ அவரைத் தன் பழைய போர்க்குதிரை என்று அழைத்து வரவேற்றார். தப்பும் செய்திருக்கிறார். 1862 மே மாதம் செவன் பைன்ஸ் சண்டையில் தவறான சாலையில் படையைக் கொண்டுபோய்க் குழப்பத்தை உண்டாக்கிவிட்டுப் பழியைச் சக தளபதி ஒருவர் மேல் போட்டார். 1863 கடைசியில் நாக்ஸ்வில்லில் தோற்றபோதும் தனக்குக் கீழே இருந்த அதிகாரிகள் மேல் குற்றம் சாட்டினார். பழி போடுவது அவருக்கும் தெரிந்த வித்தைதான். அவர் மேல் விழுந்த பழி மட்டும் அளவில் வேறு.

இப்போது கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 1, 2, 3.

முதல் நாள் மாலை வடக்குப் படை ஊருக்குத் தெற்கே உள்ள மேடுகளைப் பிடித்துக்கொண்டது. லாங்ஸ்ட்ரீட் லீயிடம் சொன்ன யோசனை இதுதான்: நேராக மோத வேண்டாம், இடப்பக்கமாகச் சுற்றிப்போய் எதிரிப் படைக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே நல்ல இடம் பார்த்து நிற்போம், அவர்களே வந்து நம்மை அடிக்கட்டும். லீ ஒப்பவில்லை. எதிரி அங்கே இருக்கிறான், அங்கேயே அடிப்போம் என்றார்.

இரண்டாம் நாள் லாங்ஸ்ட்ரீட்டின் தாக்குதல் மாலை 4 மணி வாக்கில்தான் தொடங்கியது. உத்தரவே காலை 11 மணி அளவில்தான் வந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு படைப்பிரிவுக்காகக் கொஞ்சம் காத்திருக்க லீயிடம் அனுமதி கேட்டு வாங்கினார். பிறகு, போன வழி எதிரியின் கண்ணில் படும் என்று தெரிந்ததும் திரும்பி வேறு வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. இந்தப் பிற்பகலைத்தான் பின்னாளில் எல்லாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். மனமில்லாமல் செய்த வேலை என்பது என்னவோ உண்மை. நமக்குப் பிடிக்காத சுற்றறிக்கை வந்தால் நாம் எப்படி வேலை செய்வோம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் தாக்குதல் தொடங்கியபின் அவருடைய ஆட்கள் அன்று போட்ட சண்டை போரிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று.

மூன்றாம் நாள்தான் பெருந்துயரம். எதிரி வரிசையின் நடுவில் நேராகத் தாக்க லீ முடிவு செய்தார். முக்கால் மைல் திறந்தவெளி. ஃபிரெடெரிக்ஸ்பர்க் கற்சுவர் இப்போது எதிரியின் பக்கம். இவ்வளவு பேரை வைத்து அந்த இடத்தைப் பிடிக்க யாராலும் முடியாது என்று லாங்ஸ்ட்ரீட் வாய்விட்டே சொன்னார். லீ மாறவில்லை. 150 பீரங்கிகள் போல முழங்கி ஓய்ந்தபின், முன்னால் போக வேண்டிய பிக்கெட் வந்து, "போகட்டுமா?" என்று கேட்டார். குழந்தைகளின் அடக்கத்துக்கு நின்ற அதே பிக்கெட். லாங்ஸ்ட்ரீட்டுக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தார். சுமார் 12,500 பேர் நடந்தார்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமடைந்தும் பிடிபட்டும் போனார்கள்.

திரும்பி வந்தவர்களின் நடுவே குதிரையில் போன லீ, தவறு முழுவதும் தன்னுடையது என்று சொன்னார். அதைக் கேட்டவர்கள் பலர். 1870இல் இறக்கும்வரை அவர் கெட்டிஸ்பர்க் தோல்விக்காக லாங்ஸ்ட்ரீட்டை வெளியில் குறை சொன்னதேயில்லை. போர் முடியும்வரை தனக்கு அடுத்த இடத்திலேயே வைத்திருந்தார். இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கீழே வரப்போவதற்கு இது வேண்டும்.

1864 மே 6 அன்று வில்டர்னஸ் காட்டில் புகைமூட்டத்தில் சொந்த ஆட்களே தவறுதலாகச் சுட, குண்டு தொண்டை வழியாகத் தோளில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். வலது கை விளங்காமல் போக, இடது கையால் எழுதப் பழகினார். குரல் கடைசிவரை கரகரத்தே இருந்தது. அதே வட்டாரத்தில், ஒரு வருடம் முன்பு, இதேபோலச் சொந்த ஆட்களால் சுடப்பட்டு இறந்தவர் ஸ்டோன்வால் ஜாக்சன். ஜாக்சன் இறந்தார், தெய்வமானார். லாங்ஸ்ட்ரீட் பிழைத்தார், அதனால்தான் வினை.

1865 ஏப்ரல் 9, அப்போமாட்டக்ஸ். சரணடைவதா என்று லீ தயங்கியபோது, கிராண்டை எனக்குத் தெரியும், கௌரவமான நிபந்தனைகள்தான் தருவார் என்று தைரியம் சொன்னவர் லாங்ஸ்ட்ரீட். அப்படியே நடந்தது. நண்பர்கள் சந்தித்தபோது கிராண்ட் கையைப் பிடித்துக்கொண்டு சுருட்டு நீட்டி, பழைய நாள்போல ஒரு கை சீட்டாடலாமா என்று கேட்டாராம். இதை நினைத்துச் சொல்லும்போதெல்லாம் லாங்ஸ்ட்ரீட் நெகிழ்ந்திருக்கிறார்.

பொதுமன்னிப்புக் கேட்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனிடம் போனார். தெற்கில் மூன்று பேருக்கு மன்னிப்பே கிடையாது, கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், லீ, அடுத்து நீங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஜான்சன். வடக்கின் பார்வையில் அவ்வளவு பெரிய எதிரியாக இருந்தவரைத்தான் இன்னும் சில வருடங்களில் தெற்கே துரோகி என்று சொல்லப்போகிறது.

நியூ ஆர்லியன்ஸில் குடியேறிப் பருத்தி வியாபாரமும் காப்பீட்டு வேலையும் பார்த்தார். 1867 மார்ச்சில் நாடாளுமன்றம் மறுசீரமைப்புச் சட்டங்களைக் கொண்டுவந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்துப் புதிய அரசுகள் அமைக்க வேண்டும் என்பது சாரம். தெற்கு வெள்ளையர்கள் கொதித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று முக்கியமானவர்களிடம் கருத்துக் கேட்டது. லாங்ஸ்ட்ரீட் எழுதினார்: போரில் தோற்றோம், தோற்றவர்கள் சட்டத்தை ஏற்றுக்கொண்டு அதற்குள் வாழ வேண்டியதுதான்.

ஒரு கடிதத்தை வெளியிடும் முன் அந்த உறவினரிடம் காட்டினார். முன்னால் சொன்னேனே, அவர்தான். படித்துவிட்டுப் பெரியவர், இது வெளிவந்தால் நீ ஒழிந்தாய் என்று எச்சரித்தார். லாங்ஸ்ட்ரீட் வெளியிட்டார். லீயிடம் ஆதரவு கேட்டு எழுதியபோது அவரும் மறுத்துவிட்டார்.

கடிதங்களில் உள்ள நோக்கம் முழுக்க உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். கறுப்பின மக்களின் வாக்கு வந்தே தீரும் என்றால், நாம் விலகி நிற்காமல் உள்ளே போய் அதை நம் வழியில் நடத்தலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் மனிதர்கள் ஒரு காரணத்துக்காகக் கதவைத் திறந்து உள்ளே போய், வேறு காரணத்துக்காக அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு.

வியாபாரம் படுத்தது. தெருவில் பழைய தோழர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1868 ஜூனில் நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. 1869இல் அதிபரான கிராண்ட், நண்பரை நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் சுங்கத்துறை அதிகாரியாக நியமித்தார். பதவிக்காக விலைபோனவன் என்று பேச்சு. பிறகு லூசியானா மாநிலப் படையின் பொறுப்பும் அவரிடம் வந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த படை அது. கறுப்பின அதிகாரிகளும் இருந்தார்கள். பத்து வருடம் முன்பு அவர்களை அடிமைகளாக வைத்திருக்கப் போரிட்டவரிடம் அவர்கள் அணிவகுத்து நின்றார்கள்.

1874 செப்டம்பர் 14. என் கணக்கில் லாங்ஸ்ட்ரீட்டின் வாழ்க்கையில் முக்கியமான நாள் இதுதான், கெட்டிஸ்பர்க் இல்லை. அந்த வருடம் லூசியானாவில் வெள்ளையர் கழகம் என்ற ஆயுதக் கூட்டம் கிளம்பியது. குடியரசுக் கட்சி ஆளுநரை விரட்டி, கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டுவது நோக்கம். சுமார் 5,000 பேர் துப்பாக்கியோடு கெனால் தெருவில் திரண்டார்கள். அதில் பெரும்பாலோர் பழைய தெற்குப் படை வீரர்கள். எதிரே மாநகரப் போலீசும் கறுப்பின மாநிலப் படையும். தலைமை லாங்ஸ்ட்ரீட். வயது 53, ஒரு கை சரியில்லை.

குதிரையில் முன்னால் போய்க் கலைந்துபோகச் சொன்னார். சுட்டார்கள். வேகம் குறைந்த குண்டு ஒன்று பட்டது, குதிரையிலிருந்து இழுத்துக் கைதியாக்கினார்கள். அவருடைய படை உடைந்தது. இரு தரப்பிலும் சேர்த்து முப்பது பேர் அளவில் இறந்தார்கள். கழகம் மூன்று நாள் நகரத்தைக் கையில் வைத்திருந்தது. கிராண்ட் ராணுவத்தை அனுப்பியபின்தான் விட்டது.

தெற்கு வெள்ளையர் பலரால் இதை மன்னிக்கவே முடியவில்லை. கெட்டிஸ்பர்க்கில் தாமதம் செய்தவரை மன்னிக்கலாம். கறுப்பினப் போர்வீரர்களுக்கு முன்னால் நின்று வெள்ளையருக்கு எதிராக உத்தரவு போட்டவரை எப்படி மன்னிப்பது?

பழி சுமத்தும் வேலை இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. தேதிகளைக் கவனியுங்கள், வரலாறு படிப்பவர்களுக்குத் தேதிதான் சாட்சி. 1870 அக்டோபரில் லீ இறக்கிறார். 1872 ஜனவரி 19, லீயின் பிறந்தநாள். ஜூபல் எர்லி என்ற முன்னாள் தளபதி மேடையேறி, கெட்டிஸ்பர்க்கில் வெற்றி கைநழுவக் காரணம் லாங்ஸ்ட்ரீட்டின் தாமதம் என்கிறார். மறு வருடம் அதே பிறந்தநாளில் லீயின் பீரங்கிப் படைத் தலைவராக இருந்த வில்லியம் பெண்டில்டன் ஒரு படி மேலே போனார்: ஜூலை 2 அன்று சூரியன் உதிக்கும்போதே தாக்கும்படி லீ உத்தரவிட்டாராம், லாங்ஸ்ட்ரீட் கீழ்ப்படியவில்லையாம்! சண்டை நடந்து பத்து வருடம் கழித்து, லீ இறந்து இரண்டு வருடம் கழித்து, முதன்முறையாக ஒரு உத்தரவு முளைக்கிறது.

லாங்ஸ்ட்ரீட் சும்மா இருக்கவில்லை. லீயின் கூடவே இருந்து உத்தரவுகளை எழுதிய உதவி அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். நான்கு பேரின் பதில் வந்தது. அப்படியொரு விடியற்கால உத்தரவைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்பதுதான் சாரம். அவர்களில் சிலருக்கு லாங்ஸ்ட்ரீட்டின் அரசியல் துளியும் பிடிக்காது. இருந்தும் அப்படித்தான் எழுதினார்கள்.

குற்றம் சாட்டிய இந்த எர்லி யார்? கெட்டிஸ்பர்க்கின் முதல் நாள் மாலை மேட்டைப் பிடிக்காமல் நின்றுவிட்ட தளபதிகளில் ஒருவர். போரின் கடைசியில் லீயே பொறுப்பிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பியவர். தோற்றபின் நாட்டைவிட்டு ஓடியவர், 1869இல் திரும்பியவர், ஐக்கிய நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமலே செத்தவர். லீ தவறே செய்யாதவர் என்று நிறுவிவிட்டால், தோல்விக்கு வேறொருவர் வேண்டும். ஜாக்சன் செத்துப் புனிதராகிவிட்டார். உயிரோடு இருப்பவர், அதுவும் கட்சி மாறியவர், கையில் கிடைத்தார். 1876 முதல் தெற்கு வரலாற்றுச் சங்கத்தின் இதழ் இந்தக் கட்டுரைகளை வரிசையாக அச்சிட்டது. போருக்குக் காரணம் அடிமை முறை அல்ல, மாநில உரிமை என்ற கதையும் அதே பேனாக்களிலிருந்துதான் வந்தது. அந்தக் கதையில் வீர தெய்வம் லீ. அவரைக் காட்டிக்கொடுத்தவர் பாத்திரம் லாங்ஸ்ட்ரீட்டுக்கு.

லாங்ஸ்ட்ரீட் பதில் சொன்ன விதமும் அவருக்கே குழி தோண்டியது. 1877இலிருந்து பத்திரிகைகளில் எழுதினார், 1896இல் பெரிய தன்வரலாறு வெளியிட்டார். தன்னைத் தூக்கி, லீயைக் குறைத்துப் பேசினார். ஓரிடத்தில் சொன்னதற்கும் இன்னோரிடத்தில் சொன்னதற்கும் பொருந்தவில்லை. உண்மை கையில் இருந்தும் அடக்கமில்லாமல் பேசினால் கேட்பவர் காதை மூடிக்கொள்வார். எர்லிக்கு அடக்கம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அவர் லீயைப் புகழ்ந்தார், அதனால் யாரும் கேட்கவில்லை.

மேடைப் பேச்சாளர்கள் ஒரு பக்கம், சாதாரண வீரர்கள் இன்னொரு பக்கம். 1886இல் அட்லாண்டாவில் ஒரு சிலை திறப்பு விழா. டேவிஸ் வந்திருந்தார். அழைப்பே இல்லாத லாங்ஸ்ட்ரீட் பழைய சாம்பல்நிறச் சீருடையில் குதிரையேறி வந்து இறங்கினார். டேவிஸ் அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார். கூட்டத்தில் இருந்த பழைய வீரர்கள் எழுப்பிய ஆரவாரம் ஓயவில்லை. அவர் கீழே சண்டை போட்டவர்களுக்கு அவர் யார் என்று தெரியும்.

இடையில் ஒரு சிரிப்புக் கதை. வடக்குத் தளபதி டேனியல் சிக்கிள்ஸ் கெட்டிஸ்பர்க்கின் இரண்டாம் நாள் லாங்ஸ்ட்ரீட்டின் தாக்குதலில் ஒரு காலை இழந்தவர். பிற்காலத்தில் இருவரும் நல்ல நண்பர்கள். அட்லாண்டாவில் ஒரு விருந்தில் நன்றாகக் குடித்துவிட்டு, உன்னை நான் விடுதியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர் அவரைக் கொண்டுபோக, இல்லை இல்லை உன்னை நான் விடுகிறேன் என்று அவர் இவரைத் திரும்பக் கொண்டுவர, இரவு முழுக்க இருவரும் மாறி மாறி நடந்தார்களாம். ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்குக் கை இல்லை! சிக்கிள்ஸே எழுதிவைத்த கதை.

1875க்குப் பிறகு ஜார்ஜியாவில் கெய்ன்ஸ்வில் என்ற சிற்றூரில் விடுதி நடத்தினார், திராட்சைத் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் கெட்டிஸ்பர்க். நடுவில் துருக்கிக்கு அமெரிக்கத் தூதராகக் கொஞ்ச காலம், ஜார்ஜியாவில் மார்ஷல் பதவி கொஞ்ச காலம். 1889இல் வீடு எரிந்து, வாளும் சீருடையும் கடிதங்களும் போயின. முதல் மனைவி அதே வருடம் காலமானார். 1897இல், 76 வயதில், ஹெலன் என்ற 34 வயதுப் பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1904 ஜனவரி 2 அன்று இறந்தார். தெற்குப் படைவீரர் வம்சப் பெண்கள் சங்கத்தின் சவன்னா கிளை அடக்கத்துக்கு மலர் அனுப்ப மறுத்தது. அந்தச் சங்கம்தான் தெற்கு முழுவதும் சிலைகள் எழுப்பியது, பள்ளிப் பாடநூல்களில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்று கண்காணித்தது. நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் என்பதால் எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. எர்லியின் பேச்சு பேச்சாகவே இருந்திருந்தால் அவரோடு போயிருக்கும். பாடப்புத்தகமாக மாறியதால் இரண்டு மூன்று தலைமுறைக்கு அதுவே வரலாறாகிவிட்டது.

லாங்ஸ்ட்ரீட்டின் பெயர் மட்டும் கெட்டிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவர் கெனால் தெருவில் எதைக் காக்க நின்றாரோ, அது என்ன ஆயிற்று? லூசியானாவில் 1896இல் பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1898இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதி, படிப்பறிவு, சொத்து, வரி என்று ஒவ்வொரு வாசலாக அடைத்தார்கள். லாங்ஸ்ட்ரீட் இறந்த 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். கழகத்தின் துப்பாக்கிக்கு மூன்று நாள்தான் ஆயுள். சட்டப் புத்தகத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல்.

ஹெலன் அம்மா சளைக்கவில்லை. கணவர் இறந்த வருடமே அவர் பக்கத்து நியாயத்தைப் புத்தகமாகப் போட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, எண்பது வயதில், ஜார்ஜியாவில் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலையில் ஆணி அடிக்கும் வேலைக்குப் போனார். 1962வரை வாழ்ந்தும் கணவரின் சிலையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

1974இல் மைக்கேல் ஷாரா எழுதிய ஒரு நாவலும், அதைவைத்து 1993இல் வந்த சினிமாவும்தான் பொதுமக்களின் பார்வையை மாற்றின. அறிஞர்களும் ஆவணங்களைத் திரும்பப் புரட்டினார்கள். 1998 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில் சிலை திறந்தார்கள். லீயின் சிலை அங்கே 1917இலிருந்தே 41 அடி உயரத்தில் நிற்கிறது. ஆனால் ஒன்று பாருங்கள்: அந்த நாவலும் சினிமாவும் காட்டுவது கெட்டிஸ்பர்க் லாங்ஸ்ட்ரீட்டை. லீயின் பேச்சை மறுத்த யோசனைக்காரத் தளபதியை. நியூ ஆர்லியன்ஸ் லாங்ஸ்ட்ரீட்டுக்கு அங்கே இடம் இல்லை. ஜூலை 3இல் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது எளிது. செப்டம்பர் 14இல் செய்தது சரி என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கெனால் தெருச் சண்டைக்கும் நினைவுச்சின்னம் இருந்தது. லாங்ஸ்ட்ரீட்டின் கறுப்பின வீரர்களுக்கு இல்லை, அவர்களைச் சுட்ட வெள்ளையர் கழகத்துக்கு. 1891இல் நட்ட கல்தூண். 1932இல் அதில் வெள்ளையர் ஆதிக்கத்தைப் பெருமையாகச் சொல்லும் வாசகத்தையும் பொறித்தார்கள். 2017 ஏப்ரல் 24 அன்றுதான் நகராட்சி அதை அகற்றியது. நடுராத்திரியில், முகத்தை மூடிக்கொண்டு, குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டு ஆட்கள் வந்து கழற்றினார்கள். கொலை மிரட்டல் வந்திருந்தது.